மூடிய ஜன்னலும் முப்பதாயிரம் நட்சத்திரங்களும்

ஜன்னலைத் திறக்கக்கூட இல்லை அந்த மனிதர். 1983 மே 3-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், வீட்டுக்குள் இருந்தபடியே, மூடிய கண்ணாடி வழியாகப் பைனாகுலரில் வட வானத்தை மேய்ந்துகொண்டிருந்தார் ஜார்ஜ் ஆல்காக். வயது எழுபது. ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் தேடியது நோவாக்களை, அதாவது மங்கலாகக் கிடந்து திடீரென்று பிரகாசமாகிவிடும் நட்சத்திரங்களை. கண்ணில் பட்டதோ விளிம்பு தெளியாத ஒரு வெளிச்சத் திட்டு. அந்த இடத்தில் அப்படி ஒன்று இருக்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தையும் புரட்டாமலே தெரியும்.

எட்டு நாள் கழித்து, மே 11 அன்று, அந்தத் திட்டு பூமியிலிருந்து ஏறக்குறைய 47 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோனது. நிலா இருக்கும் தூரத்தைப்போல் பன்னிரண்டு மடங்குதான். வால்நட்சத்திரக் கணக்கில் இது நம் வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போனதற்குச் சமம். 1770-இல் வந்த லெக்செல் வால்நட்சத்திரத்துக்கு அப்புறம், இருநூறு வருஷத்தில் இவ்வளவு கிட்டே எதுவும் வந்ததில்லை. வட அரைக்கோளத்தில் இருந்தவர்கள் ஒரே இரவில் அது நட்சத்திரங்களுக்கு இடையே நகர்ந்ததைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒரு நாளில் முப்பது டிகிரிக்கு மேல் ஓடியது.

அதன் பெயர் ஐராஸ்–அராகி–ஆல்காக். மூன்று பெயரில் முதலாவது மனிதர் இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஏவிய செயற்கைக்கோள். வெப்பக் கதிர்களில் வானத்தை அளந்துகொண்டிருந்த ஐராஸ், ஏப்ரல் 25-ஆம் தேதியே இந்தப் பொருளைப் பிடித்துவிட்டது. சிறுகோளாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். செய்தி வெளியே பரவ நாளாயிற்று. அதற்குள் ஜப்பானில் கெனிச்சி அராகி என்ற அமெச்சூரும், பீட்டர்பரோவில் நம் வாத்தியாரும், ஒருவரை ஒருவர் அறியாமல் அதே மே 3 அன்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வால்நட்சத்திரத்துக்கு முதலில் கண்டவர் பெயரை வைப்பது மரபு. தனித்தனியாகக் கண்டவர்கள் பலர் இருந்தால் மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படித்தான் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த விண்கலமும், ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

நானும் ரிட்டயர்ட் வாத்தியார்தான். கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். எங்கள் கரிசலில் மழை குறைவு, அதனால் மேகமும் குறைவு. சம்சாரிக்கு அது சங்கடம், எனக்கு அது சௌகரியம். மொட்டைமாடியும், ஒரு பத்து-ஐம்பது பைனாகுலரும், முதுகு சாய்க்க ஒரு பிளாஸ்டிக் வயர் நாற்காலியும் இருக்கின்றன. "சார் ராத்திரியில பைனாகுலர வச்சுக்கிட்டு எதப் பாக்காரு?" என்று தெருவில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. எதிர்வீட்டு ஆச்சியை ஒருநாள் மாடிக்கு அழைத்து வியாழனைக் காட்டினேன். அதோடு பேச்சு நின்றது. நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் கண்டுபிடித்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் படிப்பதில் எனக்குத் தீராத ருசி.

இந்தக் கதைகளைக் கேட்கிற எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: பெரிய தொலைநோக்கியில் படாதது பைனாகுலரில் எப்படிப் படும்?

வால்நட்சத்திரம் என்பது சில கிலோமீட்டர் அகலமுள்ள, தூசியும் உறைபனியும் கலந்த ஒரு கட்டி. சூரியனிலிருந்து தூரத்தில் கிடக்கும்வரை அது ஒரு கரிய உருண்டை. யார் கண்ணிலும் படாது. சூரியனை நெருங்க நெருங்கப் பனி நேரே ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். கட்டியைச் சுற்றி அது லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு மெல்லிய உறையாகப் பரவும். நாம் பார்ப்பது அந்த உறையை. நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு புள்ளியில் குவிந்திருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளிதான். வால்நட்சத்திரத்தின் வெளிச்சமோ ஒரு பரப்பில் விரவிக் கிடக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பும் விரிந்து, மங்கி, பின்னாலுள்ள வானத்தோடு கரைந்துவிடும். அதனால் குறைந்த உருப்பெருக்கம்தான் இங்கே ஆதாயம்.

பைனாகுலரின் மேல் எழுதியிருக்கும் எண்களில் இதெல்லாம் அடங்கியிருக்கிறது. பத்து-ஐம்பது என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும். முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் ஐந்து. பின்பக்கம் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம் அந்த ஐந்து மில்லிமீட்டர். இருட்டில் இளம் வயதுக்காரரின் கண்பாவை ஏழு மில்லிமீட்டர்வரை விரியும். என் வயதில் ஐந்து விரிந்தாலே பெரிய காரியம். ஆல்காக் ஜன்னலோரம் பிடித்திருந்தது பதினைந்து-எண்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் ஐந்து சொச்சம்தான். இன்னொரு வசதியும் உண்டு. பத்து-ஐம்பதில் ஒரே பார்வையில் பத்துப் பன்னிரண்டு முழு நிலாக்களை வரிசையாக அடுக்கும் அளவு வானம் தெரியும். பெரிய தொலைநோக்கியில் ஒரு நிலா முழுசாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். பரந்த வானத்தில் இருக்கும் இடம் தெரியாத ஒன்றைத் தேடுகிறவருக்கு எது உதவும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன. மங்கலான ஒன்றை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதைவிட இரண்டு கண்ணால் பார்க்கும்போது மூளை சுலபமாக நம்புகிறது.

ஆனால் கருவியைப் பற்றி இவ்வளவு பேசியபிறகும் ஆல்காக்கின் கதையில் பாதிதான் விளங்கும். மீதி அவர் தலைக்குள் இருந்தது.

நட்சத்திரங்களை அவர் மனப்பாடம் செய்திருந்தார். முப்பதாயிரம் என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் எண்ணிக்கை. வெறுங்கண்ணுக்கு ஒரு நல்ல இரவில் தெரிவது இரண்டாயிரம், மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இவர் பைனாகுலரில் தெரிகிற நட்சத்திரங்களை, அந்த வட்டத்துக்குள் அவை எப்படிக் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன என்ற கோலத்தோடு மனசில் ஏற்றி வைத்திருந்தார். இது ஏதோ பிறவி அதிசயம் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே, மூன்றாவது பெஞ்சில் பக்கத்து செக்‌ஷன் பையன் ஒருவன் வந்து ஒளிந்திருப்பது எந்த வாத்தியாருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு முகமாகச் சரிபார்த்து அவர் கண்டுபிடிப்பதில்லை. பெஞ்சின் மொத்தத் தோற்றமே உறுத்தும். ஆல்காக் தன் பெஞ்சுகளை 1953-இலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் வான்வழிப் புகைப்படங்களைப் படித்து விளக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நேற்று இல்லாதது இன்று எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதானே அந்த வேலை.

தேட ஆரம்பித்து ஆறு வருஷத்துக்குமேல் ஒன்றும் அகப்படவில்லை. அவர் இருந்த வட்டாரம் செங்கல் சூளைகளுக்குப் பெயர்போனது. புகை, மூடுபனி, இங்கிலாந்துக்கே உரிய மேகம் எல்லாம் உண்டு. கோடையில் அங்கே நள்ளிரவில்கூட முழு இருட்டு வராது. பிறகு 1959 ஆகஸ்ட் 25-இல், கால்வைத்து நிறுத்தும் இருபத்தைந்து-நூற்றைந்து பைனாகுலரில் ஒரு வால்நட்சத்திரம் சிக்கியது. இங்கிலாந்திலிருந்து யாரும் வால்நட்சத்திரம் கண்டுபிடித்து அறுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக 1894-இல் டென்னிங் என்பவர் கண்டது. ஆல்காக்குக்கு ஐந்தே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, இன்னொன்றும் கிடைத்தது. ஆறு வருஷத்துப் பாக்கியை ஒரே வாரத்தில் வானம் தீர்த்துவிட்டதுபோல. 1963, 1965 என்று மேலும் இரண்டு. 1967 ஜூலையில் டெல்ஃபினஸ் மண்டலத்தில் ஒரு நோவா. அதற்குப் பிறகும் நோவாக்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசி நோவா 1991 மார்ச்சில், அவருடைய 78-ஆவது வயதில். அன்று கையில் இருந்தது பத்து-ஐம்பது, என் மாடியில் இருக்கும் அதே அளவு. மொத்தம் ஐந்து வால்நட்சத்திரம், ஐந்து நோவா. 2000 டிசம்பரில் காலமானார்.

இனி ஜப்பானுக்குப் போவோம். வால்நட்சத்திர வேட்டையை ஒரு தேசத்துச் சாதாரண மக்கள் தங்கள் பொழுதுபோக்காகவே சுவீகரித்துக்கொண்டார்கள் என்றால் அது அங்கேதான். கவோரு இகேயா பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி. சுதோமு செகி கிடார் சொல்லிக்கொடுப்பவர். 1965 செப்டம்பரில் இருவரும் வேறு வேறு ஊர்களில், சில நிமிட இடைவெளியில், ஒரே வால்நட்சத்திரத்தைக் கண்டார்கள். அடுத்த மாதம் அந்த இகேயா–செகி சூரியனுக்கு மிக நெருக்கத்தில் சுற்றிப் போனபோது பட்டப்பகலிலேயே தெரிந்தது. அதைப் பார்த்துச் சொக்கிப்போன பிள்ளைகளில் ஒருவர் பதினைந்து வயது யூஜி ஹியாகுதாகே.

படிப்பு புகைப்படக் கலை. வேலை ஃபுகுவோகாவில் ஒரு பத்திரிகையில் அச்சுக்குப் படம் தயார்செய்வது. நகரத்து வெளிச்சத்தில் வானம் சரிப்படவில்லை என்று 1993-இல் ககோஷிமா மாகாணத்துக்கே குடிபெயர்ந்தார். சகுராஜிமா எரிமலை அடிக்கடி சாம்பல் துப்பும் வட்டாரம் அது; ஆனாலும் இருட்டு கிடைத்தது. அவருடைய கருவியும் பைனாகுலர்தான். இருபத்தைந்து-நூற்றைம்பது. கழுத்தில் மாட்டுகிற சங்கதி இல்லை அது, இரண்டு கையாலும் தூக்கித் தாங்கியின் மேல் பொருத்த வேண்டும். வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போய், ஒரு மலைமேல் அதை நிறுத்தி, விடிவதற்கு முன் கிழக்கு வானத்தைத் தேடுவார். 1995 கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வால்நட்சத்திரம் கிடைத்தது. பெரிய அளவில் பேசப்படாத, சாதாரண வால்நட்சத்திரம்.

ஐந்து வாரம் கழித்து, ஜனவரி 31 விடியற்காலையில், அதை மறுபடி பார்க்கத்தான் போனார். மேகம் குறுக்கே வந்தது. சரி என்று வானம் தெளிந்திருந்த பக்கம் பைனாகுலரைத் திருப்பினார். அது துலாம் மண்டலம். முதல் வால்நட்சத்திரத்தை அவர் கண்டுபிடித்த இடத்திலிருந்து நான்கே டிகிரி தள்ளிய இடம். அங்கே ஒரு திட்டு தெரிந்தது. முதல் வால்நட்சத்திரம் அதற்குள் வேறெங்கோ போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் இது எது? கனவா என்று தோன்றியதாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். பொருளின் பிரகாசம் பதினோராம் நிலை, அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கடைசி நட்சத்திரத்தைவிட நூறு மடங்கு மங்கல். இடத்தைக் குறித்து, படம் வரைந்து, டோக்கியோவின் தேசிய வானாய்வகத்துக்குச் சொன்னார்.

ஒரே மனிதர், ஒரே மலை, ஐந்து வாரத்தில் இரண்டு. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. மேகம் விலகிய இடம் அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே இருந்தது தன் பழைய வால்நட்சத்திரம் இல்லை, அந்தப் பகுதியில் நிலையாக இருக்கும் நட்சத்திரக் கொத்தும் இல்லை என்று நொடியில் தீர்மானித்தாரே, அதை அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சம் என் வயதுக்காரர்களுக்கு. இரண்டு மாதம் முடியும் முன்பே, 1996 மார்ச் 25 அன்று, ஹியாகுதாகே வால்நட்சத்திரம் பூமியை ஒன்றரைக் கோடி கிலோமீட்டரில் கடந்தது. எங்கள் மாடியில் நள்ளிரவுக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலத்தின் கைப்பிடியை ஒட்டி, பச்சையும் நீலமும் கலந்த ஒரு பெரிய உருண்டை, அதிலிருந்து நீண்டு மெலியும் வால். கருவி எதுவும் வேண்டாம். தெருவிளக்கு மட்டும் அணைய வேண்டும். அந்தக் காலத்து மின்சாரம் அந்த விஷயத்தில் தாராளமாகவே ஒத்துழைத்தது. இரண்டு நாளில் அது துருவ நட்சத்திரத்தின் பக்கம் போய், எங்களுக்கு வட அடிவானத்தின் விளிம்பில் இறங்கிவிட்டது.

அன்றும் எதிர்வீட்டு ஆச்சி மாடிக்கு வந்தார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, "வால்நட்சத்திரம் தெரிஞ்சா ராசாவுக்கு ஆகாது சார்" என்றார்கள்.

"இப்ப ஏது ஆச்சி ராசா?"

"இருக்கிறவுகளுக்குத்தான்."

நான் வகுப்பில் நடத்துகிற மாதிரி பனி, தூசி, சூரிய வெப்பம் என்று விளக்கினேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். மே மாதம் தேர்தல் முடிவு வந்து கோட்டையில் ஆட்சி மாறியது. மறுநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டே ஆச்சி என்னைப் பார்த்த பார்வைக்கு இயற்பியலில் பதில் கிடையாது. அடுத்த வருஷம் ஹேல்–பாப் வந்து வாரக்கணக்கில் நின்றபோது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஹியாகுதாகே கண்ட அந்த ஒற்றைத் திட்டு விஞ்ஞானிகளுக்கு என்னென்ன கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்ச் 27-இல் ரோசாட் என்ற செயற்கைக்கோளை அதன் பக்கம் திருப்பியபோது, வால்நட்சத்திரத்திலிருந்து எக்ஸ்ரே வருவது தெரிந்தது. உறைபனிக் கட்டியிலிருந்து எக்ஸ்ரேயா என்று திகைத்தார்கள். சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள் வால்நட்சத்திரத்தின் வாயுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும்போது உண்டாகும் கதிர் அது என்று பிறகு விளங்கியது. இன்னொரு கூத்து மே 1-ஆம் தேதி நடந்தது. சூரியனை ஆராயப் போய்க்கொண்டிருந்த யுலிஸிஸ் விண்கலத்தின் கருவிகள் விசித்திரமான அளவுகளைப் பதிவுசெய்தன. காரணம் தெரியாமல் அந்தப் பதிவு அப்படியே கிடந்தது. 2000-இல்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்: விண்கலம் ஹியாகுதாகேயின் வாலுக்குள் புகுந்து போயிருக்கிறது. தலை அங்கிருந்து ஐம்பது கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு நீள வால் இருக்கும் என்று அதற்குமுன் யாரும் அளந்ததில்லை. அதைக் கண்ட ஹியாகுதாகே அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. 2002 ஏப்ரலில், 51 வயதில் போய்விட்டார்.

தேடும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில்தான் பிரகாசமாகும். ஆகவே சூரியன் மறைந்தபின் மேற்கே, உதிக்கும் முன் கிழக்கே. அடிவானத்தில் தொடங்கிக் கிடையாக ஒரு ஓட்டம். பார்வை வட்டத்தில் பாதி உயரத்துக்கு ஏற்றித் திரும்ப ஒரு ஓட்டம். நிலா இல்லாத நேரம் பார்த்து. திட்டு ஏதாவது தெரிந்தால் நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளி நோக்கிக் கடைக்கண்ணால் பார்க்க வேண்டும்; விழித்திரையில் மங்கல் ஒளிக்கான செல்கள் நடுவைவிட்டு ஓரத்தில்தான் அதிகம். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். நடுவில் ஒருதரம் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

சிரமம் முறையில் இல்லை, நேரத்தில். கலிஃபோர்னியாவின் டான் மாக்ஹோல்ஸ் தேடிய நேரத்தை எல்லாம் கணக்கு எழுதி வைத்தவர். 1975-இல் தொடங்கி, 1978 செப்டம்பரில் முதல் வால்நட்சத்திரத்தைக் காண அவருக்கு 1,700 மணி நேரம் ஆனது. இரண்டாவதற்கும் ஏறக்குறைய அவ்வளவே. 1986-இல் 130 மில்லிமீட்டர் பைனாகுலரில் அவர் கண்டது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதனைவிடச் சூரியனுக்கு அருகே போய்த் திரும்புகிற ஒரு வினோதப் பிறவி. அதை இன்றும் ஆராய்கிறார்கள்.

இந்தியப் பெயர் தாங்கிய வால்நட்சத்திரம் ஒன்று உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, தான் எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். பாப்பு–பாக்–நியூகர்க் என்று அதற்குப் பெயர். அது கண்ணால் கண்டதில்லை, தகட்டில் கண்டது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அவர் முயற்சியில்தான் எழுந்தது. இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த வேட்டையின் பொற்காலம் முடிந்துவிட்டது என்று சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. 1998-இலிருந்து நியூ மெக்சிகோவின் லீனியர், அப்புறம் ஹவாயின் பான்ஸ்டார்ஸ், அட்லஸ் என்று தானியங்கித் தொலைநோக்கிகள் இரவெல்லாம் வானத்தைப் படமெடுத்து, கணினியில் ஒப்பிட்டு, வால்நட்சத்திரம் மங்கலாக இருக்கும்போதே பிடித்துவிடுகின்றன. சிலியில் ரூபின் வானாய்வகம் 8.4 மீட்டர் கண்ணாடியோடு வேலையைத் தொடங்கிவிட்டது. ஆல்காக் மனசில் வைத்திருந்த கோலம் இன்று வட்டுகளில் இருக்கிறது, அதுவும் ஆயிரம் மடங்கு நுணுக்கமாக. மாக்ஹோல்ஸ் 2018-இல் தன் பன்னிரண்டாவது வால்நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தே பிடித்தார். அதில் பெயர் பகிர்ந்த இரண்டு ஜப்பானியர்களும் கேமராக்காரர்கள்.

ஆனால் இயந்திரங்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூரியன் பக்கம் பார்க்க அவற்றுக்கு ஆகாது. அந்தி வெளிச்சத்துக்குள் நுழைந்து வருகிற வால்நட்சத்திரம் அவற்றின் வலையில் விழாமல் தப்பலாம். 2023 ஆகஸ்டில் ஹிதேயோ நிஷிமுரா விடியற்காலைக் கிழக்கில் பிடித்தது அப்படி ஒன்றை. அவரிடம் இருந்தது சாதாரண டிஜிட்டல் கேமரா, 200 மில்லிமீட்டர் லென்ஸ். சோஹோ விண்கலம் சூரியனை மறைத்து எடுக்கும் படங்களில் 2024 மார்ச்சுக்குள் ஐயாயிரம் வால்நட்சத்திரங்கள் அகப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் வீட்டிலிருந்து கணினித் திரையை உற்றுப் பார்த்த தன்னார்வலர்கள்.

அந்த அந்தி வானத்தைப் பொறுத்தவரை நமக்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியனை ஒட்டிய பொருள்கூட இருட்டிய வானத்தில் கொஞ்ச நேரம் உயரமாக நிற்கும். ஐரோப்பியர்களுக்கு இந்த வாய்ப்பு அரிது.

பைனாகுலர் வைத்திருக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே பாருங்கள். தெற்குச் சிலுவைக்கு இடப்பக்கம் மேலே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம், பைனாகுலரில் வட்டமான திட்டு. இங்கிலாந்தில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே கிடையாது. வால் முளைக்காத வால்நட்சத்திரம் பைனாகுலரில் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வால்நட்சத்திர வேட்டைக்காரர் மெஸ்ஸியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியல்கூட, இப்படி வால்நட்சத்திரம்போல ஏமாற்றுகிறவற்றை ஒதுக்கி வைக்கத்தான் எழுதப்பட்டது.

முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், நடுக்கம் பாதி குறையும். திட்டு ஏதாவது தென்பட்டால் சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு சேர்த்துப் பென்சிலில் வரையுங்கள், நேரத்தைக் குறியுங்கள். ஒருமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், முடிந்தால் மறுநாளும். அதே இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் மெஸ்ஸியர் பட்டியலில் இருக்கும். எண்ணைப் பார்த்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடம் மாறியிருந்தால், முதலில் லென்ஸைத் துடையுங்கள். பக்கத்துத் தெரு விளக்கின் பிரதிபலிப்பு இல்லையே என்று பைனாகுலரைச் சற்று ஆட்டிப் பாருங்கள். ஏற்கெனவே தெரிந்த வால்நட்சத்திரங்கள் அன்று எங்கே இருக்கின்றன என்று பட்டியலில் தேடுங்கள். அப்புறமும் அது எதிலும் சேராமல் நின்றால், இரண்டு நேரத்து இடத்தையும் குறித்து அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் வானியல் தந்தி மையத்துக்கு எழுத வேண்டும். நம்மூரில் தந்தி 2013-இலேயே நின்றுபோனது. அங்கே பெயரில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்னஞ்சல் போதும்.